பெரியாச்சி வீட்டுக் கூரை: மாரிக்கு முன் முடிவெடுக்க வேண்டும்

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதம் மூன்று கிழமை ஊரில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். பெரியாச்சி வீட்டுக் கூரையைப் பற்றி ஊர்ச் சங்க வட்ஸ்அப் குழுவில் சுற்றிய படங்களை நம்பாமல், தச்சரையும் கூட்டிக்கொண்டு நானே ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். படங்களில் தெரிவது உடைந்த ஓடுகள் மட்டுமே. அது பெரிய விடயமல்ல. வடக்குப் பக்கத்துக் கைமரங்களில் ஒன்பது, சுவரில் அமரும் இடத்தில் கறையான் தின்று உள்ளே கோறையாகிவிட்டன. பனையின் வெளி வைரம் அப்படியே நிற்பதால் கண்ணுக்குக் குறை தெரியாது. சுத்தியலால் தட்டினால்தான் சத்தம் காட்டிக்கொடுக்கிறது. நடுமுற்றத்தைச் சுற்றிய நாற்சாரின் உள்மூலைகளில், இரண்டு கூரைகள் சந்திக்கும் இடத்தில் மழைத்தண்ணீர் வடிய இருந்த தகரப் பீலிகளில் இரண்டு துருப்பிடித்து உக்கிவிட்டன. பலாச் சருகு அடைத்து, தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறி, சாமியறைச் சுவர் வழியாக இறங்கியிருக்கிறது. அந்த வீட்டில் இருக்கும் குஞ்சம்மா சாமிப்படங்களைக் கழற்றிக் கட்டிலில் அடுக்கி வைத்துவிட்டுத் தான் விறாந்தையில் படுக்கிறார். இதை அவர் எவரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

மூன்று மதிப்பீடுகள் எடுத்தேன். முதலாமவர் ஓட்டையும் மரத்தையும் முழுவதுமாக இறக்கிவிட்டு, இரும்புக் குழாயில் நிறத் தகரச் சீற் அடித்துத் தர 14 இலட்சம் இலங்கை ரூபா கேட்கிறார். இரண்டாமவர் எல்லாவற்றையும் புதிதாக, ஓட்டிலேயே செய்ய 31 இலட்சம் கேட்கிறார். மூன்றாமவர், ஊரில் பலர் அறிந்த அதே தச்சர், நல்ல மரத்தையும் நல்ல ஓட்டையும் வைத்துக்கொண்டு பழுதானதை மட்டும் மாற்றித் தர 19 இலட்சம் கேட்கிறார். இன்றைய மாற்று விகிதத்தில் அது 9,000 கனேடிய டொலருக்குச் சற்றுக் குறைவு.

14 இலட்சத்தை மலிவு என்று குழுவில் எழுதியவர்கள் அந்த மதிப்பீட்டின் கடைசி வரியைப் படிக்கவில்லை. இறக்கும் ஓடும் மரமும் ஒப்பந்தக்காரருக்கே சேரும் என்று அதில் இருக்கிறது. அந்த ஓடுகளின் முதுகில் கோழிக்கோட்டை அடுத்த பெரோக்கின் முத்திரை இன்னும் அழியாமல் கிடக்கிறது. மூத்த பெண்பனையில் வெட்டிய அந்தக் கைமரங்களைப் போன்றவற்றை இன்று ஊரில் காசு கொடுத்தும் வாங்க முடியாது. அவர் கூரை மாற்ற வரவில்லை, கூரை வாங்க வருகிறார். அதற்கு நாம் 14 இலட்சம் கொடுக்க வேண்டுமாம்.

இன்னொரு காரணமும் உண்டு. தாழ்வாரத்துடன் வீடு 1,800 சதுர அடி. கூரைச் சரிவைச் சேர்த்தால் ஏறத்தாழ 2,080 சதுர அடி, அதாவது 193 சதுர மீற்றர் வரும். சதுர மீற்றருக்குப் 16 ஓடு என்று வைத்து, உடைவுக்கும் கொஞ்சம் சேர்த்தால் 3,300 ஓடு. ஓடொன்று இரண்டரைக் கிலோ என்றாலும் எட்டுத் தொன் பாரம் அந்தச் சுவர்களின் மேல் அமர்ந்திருக்கிறது. 2008 இல் நிஷா, 2020 இல் புரெவி என்று புயல்கள் வந்தபோது அந்த வீடு நின்றது இந்தப் பாரத்தால்தான் என்று தச்சர் சொல்கிறார். சீற் கூரை ஒரு தொன்கூட வராது. திருகாணியையும் கட்டுக்கம்பியையும் நம்பித்தான் அது காற்றைத் தாங்க வேண்டும். பங்குனி வெயிலில் சீற்றுக்குக் கீழே எழுபத்து மூன்று வயதுப் பெண் எப்படி இருப்பார் என்பதையும் யோசியுங்கள்.

குசினிக்கு மேலே இருப்பது எண்பதுகளில் போட்ட அஸ்பெஸ்டஸ் சீற். அதை அடித்து உடைத்து இறக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்க வேண்டும். கடையில் இன்னும் விற்கிறார்கள்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். 2018 முதல் அதன் இறக்குமதியை நிறுத்தப்போவதாக இலங்கை அரசு அறிவித்திருந்தது. 2017 மார்கழியில் ஏதோ வண்டைக் காரணம் காட்டி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியதும் அந்த முடிவு கைவிடப்பட்டது. கடையில் கிடைப்பதற்குக் காரணம் தேயிலை வியாபாரமே தவிர, அது சுவாசப்பைக்கு நல்லது என்பதல்ல.

ஆகவே 19 இலட்சத்தின் பிரிவு இது: மரமும் கறையான் மருந்தும் 5.5, புதிய ஓடு 1,400 உம் முகட்டு ஓடும் ஏற்றுக்கூலியும் 3.2, பீலி 1.3, குசினி 2, தச்சர் மேசன் கூலி 7. கூலியில் 2 இலட்சத்தைப் பிடித்து வைத்து, முதல் பெருமழை பெய்து ஒழுக்கு இல்லை என்று குஞ்சம்மா வாயால் சொன்ன பிறகே கொடுப்பதற்குத் தச்சர் சம்மதித்திருக்கிறார். சங்கத்தின் பொது நிதியில் கைவைக்க வேண்டாம். விரும்பியவர்கள் தனியாகத் தந்தால் போதும். அந்தக் கூரையின் கீழ் யார் யார் எந்த ஆண்டில் படுத்தெழும்பினார்கள் என்று நான் எழுதப் போவதில்லை.

பிள்ளையார் ஒழுங்கை, ரொறன்ரோ

*

தம்பிக்கு,

விபரமாக எழுதியமைக்கு நன்றி. 1,400 ஓடு என்ற எண் எப்படி வந்தது? மீதி 1,900 ஓடும் நல்லவை என்று எண்ணிப் பார்த்தீர்களா, அல்லது கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னதா? இறக்கி அடுக்கிய பிறகுதான் அந்த எண் தெரியும். எனவே ஓட்டுக்கு முன்கூட்டியே காசு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாவது, காசை ரூபாவாக மாற்றி வைக்க வேண்டாம். 2021 இல் வாசிகசாலைக்குச் சேர்த்ததை டொலர் 200 ரூபாவாக இருந்தபோதே மாற்றி வங்கியில் போட்டீர்கள். 2022 வைகாசியில் டொலர் 360 ஆனபோது, அதே காசில் நினைத்த சீமெந்தில் பாதியைத்தான் வாங்க முடிந்தது. அப்போது நான் எழுதிய மடலுக்கு இதுவரை பதில் வரவில்லை. கேணிக் கணக்கும் வரவில்லை. ஆனால் அதைப் பற்றி வேறு மடலில் எழுதுகிறேன்.

அறுபத்து நான்காம் ஆண்டுப் புயலை எனக்கு நினைவூட்டத் தேவையில்லை. எங்கள் கிடுகுக் கூரை பறந்த இரவில் என்னைக் கடகத்தில் வைத்து அந்த வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதாக அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கடனுக்கும் ஓட்டுக் கணக்குக்கும் தொடர்பில்லை. என் பங்காக 500 பவுண் எழுதிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டு வேண்டும்.

இலண்டனிலிருந்து

*

மருமகனுக்கும் சபையோருக்கும்,

என் தங்கை குஞ்சம்மா வாயே திறக்காத ஒரு விடயத்தை இருநூறு பேர் படிக்கும் இடத்தில் எழுதியது எனக்கு மிகுந்த மனவருத்தம். எங்கள் பேரனார் கட்டிய வீட்டுக்குப் பிடியரிசி சேர்க்கும் நிலைக்கு நாங்கள் இன்னும் வரவில்லை. அந்த வீட்டைச் சீதனமாகத் தங்கைக்கு எழுதியபோது நான் கையொப்பம் வைக்கத் தயங்கினேன் என்று ஒரு கதை உலாவுவது எனக்குத் தெரியும். தயங்கியது உண்மை, காரணம் காணியல்ல, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உறுதிப் பத்திரம் முடித்ததுதான். அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒழுக்கைப் பற்றியும் என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

மரச் செலவு முழுவதும் என்னுடையது. மேற்கு வேலியோரம் ஐயா தறிக்க விடாமல் வைத்திருந்த பனைகள் நான்கு நிற்க வேண்டும். நின்றால் அவற்றிலேயே கைமரம் எடுக்கலாம். இலண்டன் தம்பியின் காசு எங்களுக்கு வேண்டாம்.

சிட்னியிலிருந்து

*

மாமாவுக்கு,

எழுதியதற்குக் குறை விளங்க வேண்டாம். பனைகள் நான்கும் நிற்கின்றன. தறிப்பதற்குப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் காணிக்காரர் என்ற வகையில் குஞ்சம்மாதான் கையொப்பமிட வேண்டும், அவர் உங்களைக் கேட்காமல் இடமாட்டார். தறித்த மரத்தைப் பச்சையாக ஏற்றக் கூடாது என்று தச்சர் சொல்வதால், ஐப்பசிக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் இந்தக் கிழமையே நீங்கள் அவருடன் பேச வேண்டும். அவர் பின்னேரம் விளக்கு வைத்த பிறகு தொலைபேசியை எடுப்பார்.

இலண்டன் அண்ணருக்கு: ஓடு இறக்கி அடுக்கியதும் எண்ணிக்கை எழுதுகிறேன். உங்கள் 500 பவுணை மாமா மறுத்ததை நான் கணக்கில் இன்னும் எழுதவில்லை.

பிள்ளையார் ஒழுங்கை, ரொறன்ரோ