சஸ்ஸெல்லா: வெளிறிய நிறம், வாயைப் பிடிக்கும் துவர்ப்பு. இந்த ஒயின் கெட்டுவிட்டதா?

நாலாம்மாடி:

எல்லோருக்கும் வணக்கம். மிலானோவில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். லிஃப்ட் பழுதுபார்ப்பது என் வேலை. ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் ஓடவைக்கிறேன், நான் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் மட்டும் மாதத்தில் பத்து நாள் ஓடாது. அது வேறொருவர் பொறுப்பு, நான் கைவைக்கக் கூடாது.

அப்படி ஓடாத ஒரு நாளில், மூன்றாம் மாடியில் இருக்கும் சிஞ்ஞோராவின் (இத்தாலியில் அம்மா என்று மரியாதையாக அழைப்பது) தண்ணீர்ப் பாட்டில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். எண்பதைத் தாண்டியவர், வடக்கே மலைக்குள் இருக்கும் சோந்திரியோ நகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மறுநாள் மாலை கதவைத் தட்டி ஓர் ஒயின் பாட்டிலைக் கையில் திணித்தார். "எங்கள் மலையில் விளைந்தது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். லேபிளில் இருப்பது: வால்தெல்லினா சுப்பீரியோரே, சஸ்ஸெல்லா, ரிசேர்வா, 2016.

நேற்று இரவு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, காரமான முட்டைக் குழம்போடு ஒரு கிளாஸ் குடித்துப் பார்த்தேன். சிவப்பு ஒயின் என்றால் கறுத்து இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதுவோ செங்கல் தூளைக் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் நகம்கூடத் தெரிகிறது. ஆனால் வாயில் வைத்ததும் பாக்குப் பிஞ்சை மென்றதுபோல ஈறெல்லாம் இறுகிவிட்டது. அடியில் கொஞ்சம் மண்டியும் இருக்கிறது.

இது கெட்டுப்போனதா? கடைக்காரர் ஒருவர் இது நெபியோலோ திராட்சை என்கிறார். நெபியோலோ என்றால் பரோலோ ஒயினுக்கு உரியதாயிற்றே, லேபிளில் அந்தப் பெயரே காணோமே, ஏன்? ஞாயிறு மதியம் சிஞ்ஞோராவைச் சாப்பிட அழைத்திருக்கிறேன். "எப்படி இருந்தது?" என்று நிச்சயம் கேட்பார். பொய் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

நேர்ப்பேச்சு:

பழுப்பேறிவிட்டது என்றால் காற்றுப் புகுந்துவிட்டது என்று பொருள். மண்டியும் இருக்கிறது என்கிறீர்கள். சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடுங்கள். தெற்கு இத்தாலியிலிருந்து வரும் பிரிமிட்டீவோ ஒரு பாட்டில் வாங்கி வையுங்கள். கறுப்பாக, கொழகொழவென்று, இனிப்புச் சாயலோடு இருக்கும். யாருக்கும் பிடிக்கும்.

கல்கட்டு:

தம்பி, முதலில் அந்தப் பாட்டிலைக் காப்பாற்றுங்கள். தக்கையை இறுகச் செருகி, படுக்கவைக்காமல் நிற்கவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

வைத்துவிட்டீர்களா? சரி. நேர்ப்பேச்சு அவர்களே, உங்கள் வீட்டுத் தொட்டி கொடுத்துவைத்தது.

நான் அந்த ஒயின் விளையும் வால்தெல்லினா பள்ளத்தாக்கில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். கிளை நறுக்குவதிலிருந்து அறுவடை வரை திராட்சைத் தோட்டத்தில்தான் வேலை. நடுவில் சுவர் சரிந்தால் கல் அடுக்கவும் போவேன். இந்தப் பெயர் அதனால் வந்ததுதான். ஆகவே இந்த ஒயினைப் பற்றி யாராவது தொட்டி, சாக்கடை என்று பேசினால் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஒயின் கெடவில்லை. நீங்கள் விவரித்திருப்பது இந்தத் திராட்சையின் அங்க அடையாளங்களை. கடைக்காரர் சொன்னது சரி, இது நெபியோலோதான். ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இங்கே அதன் பெயர் கியாவென்னாஸ்கா. பக்கத்திலுள்ள கியாவென்னா ஊரிலிருந்து வந்த பெயர் என்பார்கள் சிலர். "ஒயினுக்கு அதிகம் தோதானது" என்று பொருள்படும் உள்ளூர்ப் பேச்சுவழக்குச் சொல் திரிந்தது என்பார்கள் வேறு சிலர். இரண்டு கட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் சாப்பாடு ஆறிவிடும்.

லேபிளில் திராட்சையின் பெயர் ஏன் இல்லை என்றால், இங்கே மண்ணின் பெயர்தான் முன்னால் நிற்கும். வால்தெல்லினா சுப்பீரியோரே என்று எழுத வேண்டுமானால் குறைந்தது 90 சதவீதம் கியாவென்னாஸ்கா இருக்க வேண்டும். மீதியில் ரொஸ்ஸோலா, பிஞ்ஞோலா போன்ற எங்கள் பழைய வகைகளைச் சேர்ப்பார்கள். குறைந்தது 24 மாதம் முதிர வேண்டும், அதில் 12 மாதம் மரப்பீப்பாயில். ரிசேர்வா என்றால் 36 மாதம். இத்தாலியின் உச்சத் தரமுத்திரையான டிஓசிஜி இதற்குக் கிடைத்தது 1998இல். அதற்குள் ஐந்து பகுதிகள்: மரோஜ்ஜா, சஸ்ஸெல்லா, க்ருமெல்லோ, இன்ஃபெர்னோ, வால்ஜெல்லா. உங்களுடையது சோந்திரியோ நகருக்கு மேற்கே பாறைமேல் தொங்கும் சஸ்ஸெல்லா. இன்ஃபெர்னோ என்றால் நரகம். ஆகஸ்ட் மதியம் அந்தப் படிக்கட்டுத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் நின்றவர் யாரும் ஏன் இந்தப் பெயர் என்று கேட்க மாட்டார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன், அப்போதுதான் கையில் இருப்பது என்னவென்று தெரியும். ஆல்ப்ஸ் மலையின் இத்தாலியப் பக்கத்தில் பல பள்ளத்தாக்குகள் வடக்கு தெற்காக ஓடும். எங்களுடையது கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. நடுவில் அத்தா ஆறு கோமோ ஏரியை நோக்கிப் போகிறது. ஆற்றின் வடகரைச் சரிவு முழுநாளும் தெற்கு வெயிலைப் பார்த்து நிற்கும். திராட்சை அங்கேதான். எதிர்க்கரையில் காடும் நிழலும். மதியத்துக்கு மேல் ஏரிப் பக்கமிருந்து ப்ரேவா என்ற காற்று ஏறி வந்து இலையின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போகும்.

அந்தச் சரிவில் மண் என்று சொல்லும்படி எதுவும் இருக்கவில்லை. சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லைக் கல்மேல் அடுக்கிச் சுவர் எழுப்பி, கீழேயிருந்து முதுகுக்கூடையில் மண் சுமந்துவந்து கொட்டி, நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் உண்டாக்கிய தோட்டம் இது. அந்தக் கூடைக்கு ஜெர்லா என்று பெயர். எல்லாச் சுவர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். இப்படிக் காரையில்லாமல் கல் அடுக்கும் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. எங்கள் முதலாளி அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "பட்டியலில் இருப்பவர்கள் நாளை வந்து கல் தூக்குவார்களா?" என்று கேட்டார். அந்த வாரம்தான் மழையில் ஆறு மீட்டர் சுவர் வயிறு தள்ளி நின்றது. வயிறு தள்ளிய சுவருக்கு ஒட்டுப்போட முடியாது, பிரித்து அடியிலிருந்து அடுக்க வேண்டும். டிராக்டர் ஏறாது. சில தோட்டங்களில் பழப்பெட்டிகளைக் கம்பிவடத்தில் இறக்குகிறார்கள், சில இடங்களில் ஹெலிகாப்டர் வருகிறது. எங்களுக்கு முழங்கால்தான்.

பரோலோ விஷயம். பரோலோவும் பார்பரெஸ்கோவும் பியெமோந்தே மாகாணத்தவை, நாங்கள் லொம்பார்தியா. திராட்சை ஒன்றுதான், வளர்ந்த வீடுதான் வேறு. பரோலோ தோள் அகன்ற அண்ணன் என்றால் எங்களுடையது மலையேறி மெலிந்த தம்பி. உடல் சன்னம், புளிப்புக் கூர்மை, ரோஜாவும் காய்ந்த புளிப்புச் செர்ரியும் கலந்த மணம். யார் அசல் என்ற வழக்கு தீரவில்லை. மரபணு ஆய்வு செய்தவர்கள் நெபியோலோவுக்கு எங்கள் பள்ளத்தாக்கின் பழைய வகைகளோடு நெருங்கிய இரத்த உறவு இருக்கிறது என்று கண்டார்கள். அன்றிலிருந்து இங்கே பலர் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார்கள்.

இனி நீங்கள் செய்த மூன்று தவறுகள். ஃபிரிட்ஜிலிருந்து நேராகக் குடித்தீர்கள். குளிர் துவர்ப்பை முறுக்கிவிடும், மணத்தைப் பூட்டிவிடும். 16 முதல் 18 டிகிரி வரை வர வேண்டும், ஒரு மணி நேரம் முன்னதாக வெளியே எடுங்கள். இரண்டாவது, முட்டைக் குழம்பு. மிளகாய்க் காரத்துக்கு முன்னால் துவர்ப்பும் சாராயமும் இரட்டிப்பாகத் தெரியும். இந்த ஒயின் கேட்பது கொழுப்பு: வெண்ணெய், முதிர்ந்த சீஸ், இறைச்சி. மூன்றாவது, திறந்த உடனே தீர்ப்பு எழுதினீர்கள். நெபியோலோ முன்பின் தெரியாதவரிடம் முதல் அரைமணி நேரம் பேசாது.

மண்டி பயப்பட வேண்டியதில்லை. ஆண்டுகள் போகப்போக நிறமும் துவர்ப்பும் ஒன்றுசேர்ந்து அடியில் இறங்கும். கலக்காமல் ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். கெட்ட ஒயினை மூக்கு கண்டுபிடித்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கைக் கோளாறு. வினிகர் நெடி வந்தால் புளித்துவிட்டது. இரண்டும் உங்கள் கடிதத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பிட்ஸோக்கெரி செய்துவிடாதீர்கள். பக்வீட் மாவு நாடாவும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் கசேரா சீஸும் வெண்ணெயில் புரளும் எங்கள் ஊர் உணவு அது. இந்த ஒயினுக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. ஆனால் சோந்திரியோக்காரப் பாட்டிக்கு அதைச் சமைத்துப் போடுவது கொல்லனிடம் ஊசி விற்கும் கதை. பிரெசாவோலா (உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி) வாங்கி மெல்லிசாக அடுக்கிவையுங்கள், எலுமிச்சை பிழிய வேண்டாம். கூட ஒரு துண்டு பித்தோ சீஸ். பிறகு உங்கள் கைப்பக்குவத்தில், காரம் குறைத்த ஆட்டிறைச்சி வறுவல். போதும்.

வண்டல்:

கல்கட்டு அக்கா எழுதியதோடு கொஞ்சம் வேதியியல். நிறமும் துவர்ப்பும் ஒரே பொருள் அல்ல, ஆகவே ஒன்று குறைந்து மற்றது கூடலாம். நிறம் தருபவை ஆந்தோசயனின்கள். நெபியோலோவில் அவற்றில் பெரும்பங்கு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் வகையைச் சேர்ந்தது. அதனால் இளமையிலேயே சிவப்பு தளர்ந்து, விளிம்பில் ஆரஞ்சு தட்டும். துவர்ப்புக்குக் காரணம் தோலிலும் விதையிலும் உள்ள டானின், அது இதில் ஏராளம். டானின் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது. வழுவழுப்பு போய்விட்ட வாயில் நாக்கு உரசுவதைத்தான் பாக்குப் பிஞ்சு என்றீர்கள். சீஸும் இறைச்சியும் வந்தால் டானினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு புரதம் கிடைக்கிறது, வாய் தப்பிக்கிறது. இந்த வாயுணர்வுக்கு அறுசுவையிலேயே தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. நாம் "வாயைப் பிடிக்கிறது" என்று புகார் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

நேர்ப்பேச்சு:

தொட்டியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கலாமா? இதே திராட்சையில் கறுப்பாக, கனமாக எதுவும் கிடையாதா? எனக்கு இன்னும் அதுதான் பிடிக்கும்.

கல்கட்டு:

கனம் உண்டு, கறுப்பு கிடையாது. ஸ்ஃபோர்ட்சாட்டோ என்று கேளுங்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் ஸ்ஃபுர்சாத். நல்ல குலைகளைப் பொறுக்கி, காற்றோட்டமான பரணில் தட்டுகளில் பரப்பி, குளிர்காலம் வரை வாடவைப்போம். டிசம்பர் 1க்கு முன் பிழிவதற்கு அனுமதி இல்லை. பழம் சுருங்கச் சுருங்கச் சர்க்கரை செறிவாகும், சாராயம் குறைந்தது 14 சதவீதம் வரும். ஆனால் இனிப்பு ஒயின் அல்ல. வாரத்துக்கு இருமுறை தட்டுகளைப் பார்த்து அழுகிய மணிகளைக் கிள்ளி எறிய வேண்டும். அந்தப் பரணின் மணத்துக்காகவே நவம்பரில் அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

நாலாம்மாடி:

ஞாயிறு முடிந்தது. சொன்னபடியே எல்லாம் செய்தேன். மூன்று நாள் திறந்திருந்த பாட்டிலில் இப்படி ஒரு மணம் வருமென்று நான் நினைக்கவில்லை. காய்ந்த ரோஜா இதழ், தேயிலைத் தூள், பின்னால் மழை பெய்த கல். பிரெசாவோலாவும் சீஸும் வாயில் இருக்கும்போது குடித்தேன். துவர்ப்பு போய்விடவில்லை, ஆனால் உறுத்தவில்லை. வறுவலில் பாதிக் காரம்தான் போட்டேன், அப்படியும் சிஞ்ஞோரா இரண்டு தடவை தண்ணீர் கேட்டார்.

ஃபிரிட்ஜ், முட்டைக் குழம்பு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சிரித்தார். பிறகு தன் தந்தை ஜெர்லாவில் மண் சுமந்ததையும், மழைக்காலம் முடிந்ததும் கீழே வழிந்துவந்த மண்ணைத் திரும்ப மேலே ஏற்றியதையும் சொன்னார். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்தே இருக்குமாம். சட்டை தைக்கிறவர் கேட்காமலே அதற்கேற்ப வெட்டுவாராம்.

இன்னொன்றும் தெரிந்தது. சஸ்ஸெல்லா அவருடைய கணவர் வீட்டுப் பக்கத்து ஒயினாம். இவர் பிறந்தது க்ருமெல்லோ பக்கம். "அவர் உயிரோடு இருந்தவரை இதைத்தான் நல்லது என்று சொல்ல வேண்டியிருந்தது" என்றார். அடுத்த ஞாயிறு க்ருமெல்லோ தருகிறாராம். லிஃப்ட் இன்றும் ஓடவில்லை, ஒரு மாடி இறங்கி நான்தான் வாங்கி வர வேண்டும்.