புதுப்பிப்பு: தம்பிக்கு ஒன்டாரியோவில் வேலை கிடைத்துவிட்டது

கேரளத்தின் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து நிரந்தர வசிப்புரிமையோடு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் போன என் தம்பிக்கு வேலை கிடைக்க என்ன செய்யலாம் என்று நான்கு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஊருக்குப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ஆறு ஆண்டு கிடங்கைக் கவனித்தவன்; எழுபது விண்ணப்பம் போட்டும் ஓர் அழைப்புகூட வரவில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன மாதம் பிராம்ப்டனில் ஒரு சரக்குக் கிடங்கில் சேர்ந்துவிட்டான்.

பலித்தது, "அந்தப் பயோடேட்டாவைக் கிழித்துப் போடுங்கள்" என்று ஒருவர் கடிந்து எழுதிய யோசனைதான். அப்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண விவரம் எல்லாவற்றையும் எடுத்ததும் நான்கு பக்கம் இரண்டாகச் சுருங்கியது. மூன்றாவது வாரம் அழைப்பு வந்தது. உள்ளூரில் தன்னைப் பற்றிச் சொல்ல ஆள் வேண்டுமே என்ற கவலையும் தீர்ந்தது: சனிக்கிழமைகளில் உணவு வங்கியில் (இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் தரும் இடம்) தொண்டு செய்தான், அங்கிருந்த பொறுப்பாளரே பரிந்துரைத்தார்.

சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டத் தெரிந்திருந்தும் அங்கே புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது.

இனி தேடுபவர்களுக்கு ஒன்று: 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவம் (கனடாவில் வேலை பார்த்த அனுபவம்) கேட்கக் கூடாது.

எதிர்பாராதது, மேற்பார்வையாளர் மலையாளி. சேர்ந்த அன்று "நாட்டில் எவிடெயா?" (ஊரில் எங்கே?) என்று கேட்டாராம். வேலை கிடைத்தது அதனால் அல்ல; ஆனால் மதியச் சாப்பாட்டுக்குத் துணை கிடைத்தது. சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அம்மாவுக்கு அந்தக் கணக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.