1962-ல் கட்டிய வீடு, சுவிட்ச் பாக்ஸ் சுடுகிறது: வயரிங்கை முழுக்க மாற்ற வேண்டுமா?

பழையவீடு62 (கேள்வி)

வணக்கம். தாத்தா கட்டிய வீடு. முன்பக்கம் மூன்று அறைகள் 1962-ல் கட்டியவை. பின்பக்கம் இரண்டு அறையும் குளியலறையும் 1985-ல் சேர்த்தது. முன்பக்கத்தில் சுவரில் மரப்பட்டை அடித்து, அதன்மேல் வயரை வைத்துக் கிளிப் போட்டிருக்கிறார்கள். பின்பக்கம் எல்லாம் சுவருக்குள் பைப்.

ஒரு மாதமாகக் குளியலறை வெந்நீர் ஹீட்டர் ஓடும்போது அதன் சுவிட்ச் பாக்ஸ் தொட்டால் சுடுகிறது. சுவிட்ச் ஓரம் பழுப்பாகிவிட்டது. அந்தப் பக்கம் போனால் கருவாடு மாதிரி ஒரு வாடை. ஹீட்டர் போட்டதும் பக்கத்து அறை விளக்கு லேசாக மங்குகிறது.

ஒரு எலக்ட்ரீஷியன் "வீடு முழுக்க பிரித்துப் போட வேண்டும்" என்றார். இன்னொருவர் "சுவிட்சை மாற்றினால் போதும், வயர் இன்னும் இருபது வருஷம் வரும்" என்கிறார். அம்மாவோ இத்தனை வருஷம் ஓடியது இனி ஓடாதா என்கிறார். யாரை நம்புவது?

மச்சுவீடு

முதலில் ஹீட்டரை நிறுத்துங்கள். பிளாஸ்டிக் சூடாகி வேகும்போது வருவதுதான் அந்தக் கருவாட்டு வாடை. வீட்டில் மீன் இல்லாத நாளில் அந்த வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம்.

விளக்கு மங்குவது அந்த அறையில் மட்டுமா, வீடு முழுக்கவா? ஏதாவது ஓர் அறையில் விளக்கு வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிகிறதா?

பழையவீடு62

அந்த ஒரு அறையில் மட்டும்தான். எங்கேயும் பிரகாசம் கூடவில்லை. ஏன் கேட்கிறீர்கள்?

மச்சுவீடு

மூன்று பேஸ் வரும் வீட்டில் ஒரு பக்கம் மங்கி இன்னொரு பக்கம் பளிச்சென்று எரிந்தால் மெயின் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) தளர்ந்திருக்கலாம். அது முழுதாக விட்டுப் போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கி வரும், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போய்விடும். அப்படி இருந்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு மின் துறையைக் கூப்பிட வேண்டும். உங்களுக்கு அது இல்லை, நல்லது.

ஓரக்கண்

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? ஹீட்டருக்கு 32 ஆம்ப் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள், சூடாகாது.

முறுக்குக்கம்பி

ஓரக்கண் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எம்.சி.பி. காப்பது வயரை, ஹீட்டரை அல்ல. வயர் தாங்குவதைவிடப் பெரிய எம்.சி.பி. போட்டால் அது விழுவதற்கு முன்னால் வயர் வெந்துவிடும். தளர்ந்த இணைப்பின் சூட்டை எந்த எம்.சி.பி.யாலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அங்கே ஓடும் கரண்ட் சரியான அளவுதான்.

நான் இந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். கணக்கைப் பாருங்கள். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்ப் இழுக்கும். சுவிட்ச் திருகு தளர்ந்து அங்கே 0.3 ஓம் தடை வந்தால் போதும், அந்த ஒரு புள்ளியில் கிட்டத்தட்ட 23 வாட் சூடு பிறக்கும். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட். ஹீட்டர் ஓடும் நேரமெல்லாம் சுவிட்சுக்குள் ஒரு சால்டரிங் அயர்ன் வைத்ததற்குச் சமம்.

ஆக இரண்டாவது எலக்ட்ரீஷியன் சொன்னது பாதி உண்மை. பின்பக்கம் 1985 வயர் பி.வி.சி.யாக இருக்கும். சுவிட்சைக் கழற்றிக் கருகிய முனையை வெட்டி, 16 ஆம்ப் சுவிட்சில் நன்றாக முறுக்கினால் அந்த இடம் சரியாகிவிடலாம். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கிறதா, வெட்டிய முனைக்குப் பின்னால் பி.வி.சி. இன்னும் வளைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விறைத்து வெடித்தால் அந்த ஓட்டத்தை மட்டும் புதிதாக இழுக்க வேண்டும். பைப் இருப்பதால் சுவரை உடைக்காமல் இழுத்துவிடலாம்.

ஆனால் எனக்கு உறுத்துவது பின்பக்கம் இல்லை. 1962 முன்பக்கத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடக் குறை சொல்லவில்லையே. அங்கே ஃபியூஸ் போகுமா? வயர் மேலே துணி சுற்றியதா?

பழையவீடு62

அண்ணா, அதைப் பிரச்சினையாகவே நினைக்கவில்லை. ஃபியூஸ் கட்டை மாதம் ஒருமுறை போகும், பெரும்பாலும் மழை நாளில். போன தடவை ஃபியூஸ் கம்பி இல்லாததால் ஒரு வயரைச் சீவி இரண்டு இழையை முறுக்கிக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு போகவே இல்லை.

வயர் மேல் துணி மாதிரி ஒரு பின்னல், உள்ளே கறுப்பு. ஒரு ஹோல்டரைப் பார்த்தபோது கம்பி வெள்ளி நிறத்தில் இருந்தது. அலுமினியம் என்று நினைக்கிறேன். அலுமினியம் ஆபத்து என்று எங்கோ படித்தேன்.

முறுக்குக்கம்பி

தம்பி, இன்றைக்கே அந்த இரண்டு இழையை எடுத்துவிட்டு அளவான ஃபியூஸ் கம்பி போடுங்கள். அது எத்தனை ஆம்பில் உருகும் என்று யாருக்கும் தெரியாது. "அதற்குப் பிறகு போகவே இல்லை" என்றீர்களே, பழுது அப்படியே இருக்கிறது, உங்களிடம் சொல்ல ஆள்தான் இல்லை.

கம்பி அலுமினியமாக இருக்காது. துணியும் கறுப்பு ரப்பரும் என்றால் அது ரப்பர் வயர். ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரிக்கும், அதனால் செம்புக் கம்பிக்கு வெள்ளீயம் பூசுவார்கள். வெள்ளி நிறம் அந்தப் பூச்சு. மெயினை அணைத்துவிட்டுக் கத்தி முனையால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். அலுமினியம் என்றால் எவ்வளவு சுரண்டினாலும் வெள்ளைதான். அலுமினியத்தின் சிக்கல் வேறு: திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கித் தளரும், மேலே ஆக்சைடு படியும். அமெரிக்காவில் 1965 முதல் 1973 வரை அதை வைத்துக் கட்டிய வீடுகளில் இணைப்புகள் சூடாகிப் பெரிய தலைவலியானது.

உங்களுடையது ரப்பர். நல்ல நிலைமையில் இருந்தாலும் 25, 30 வருஷம்தான் அதற்குக் கணக்கு. இது 60 தாண்டிவிட்டது.

இரவுப்பணி

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பல்ப் மாற்றும்போது ஹோல்டர் கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான், மேலிருந்து மிளகுத்தூள் மாதிரி கொட்டியது. பூச்சி அரித்த மரத்தூள் என்று பெருக்கித் தள்ளினோம். பிறகுதான் தெரிந்தது, அது வயரின் ரப்பர். குண்டு பல்பின் சூடு நேராக மேலே போவதால் ஹோல்டருக்கு மேல் ஓர் அடிக்குத்தான் முதலில் பொரிந்து போகுமாம். மரப்பட்டையில் இருந்த வயர் பார்க்க நன்றாகவே இருந்தது.

பழையவீடு62

இதைப் படித்துவிட்டு உடனே பார்த்தேன். கூடத்து விளக்கின் கீழ் மேஜையில் கறுப்புத் தூள் இருக்கிறது. நாங்கள் தினமும் துடைப்பது!

என்ன செய்வது? நானே ஹோல்டரைத் திறந்து பார்க்கலாமா?

முறுக்குக்கம்பி

வேண்டாம். இந்த வயதுள்ள ரப்பரை வளைத்தால் அப்போதே உதிரும், நேற்றுவரை எரிந்தது இன்றைக்கு ஷார்ட் ஆகும். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பதும் உண்டு. சுவிட்ச் அணைந்திருக்கும், ஹோல்டரில் கரண்ட் இருக்கும்.

மெக்கர் (வயரின் மேலுறை கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மீட்டர்) வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். வந்தவர் டெஸ்டரை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு "மாற்றணும்" என்றோ "வேண்டாம்" என்றோ சொன்னால் இரண்டையும் நம்பாதீர்கள். மெயினை அணைத்து, பல்புகளைக் கழற்றி, எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கி, சுவிட்சுகளைப் போட்ட நிலையில் வைத்து, 500 வோல்ட்டில் ஒவ்வொரு சர்க்யூட்டாக அளக்க வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒன்று, இரண்டையும் சேர்த்து எர்த்துக்கு ஒன்று. ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த சர்க்யூட் தேறாது. நல்ல வயர் நூற்றுக்கணக்கில் காட்டும். முடிந்தால் மழை பெய்த மறுநாள் அளக்கச் சொல்லுங்கள், வெயில் காலத்தில் கிழட்டு வயரும் பாஸ் ஆகிவிடும்.

இன்னொன்று. மெக்கர் நல்ல எண் காட்டினாலும் ரப்பர் உதிர்ந்தால் அது ஃபெயில்தான். உதிர்ந்த இடத்தில் இரு கம்பிக்கும் நடுவே காய்ந்த காற்று இருக்கிறது, காற்றும் கரண்டைத் தடுக்கும். மீட்டர் அதைத்தான் அளந்திருக்கும்.

பழையவீடு62 (பத்து நாள் கழித்து)

மெக்கர் வைத்துப் பார்த்தாயிற்று. எண்கள் இதோ:

பின்பக்க விளக்குகள் 150 மெகா ஓம். ஹீட்டர் லைன் 120. முன்பக்கக் கூடம் 0.2. முன்பக்க இரண்டாவது அறை 0.6. மூன்றாவது அறை 18.

ஹீட்டர் சுவிட்சைத் திறந்தால் ஒரு திருகு கையாலேயே சுற்றியது. அரை அடி வயரை வெட்டிவிட்டுப் புதுச் சுவிட்ச் போட்டார்கள். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம், சூடு இல்லை, விளக்கும் மங்கவில்லை.

மழை நாளில் ஃபியூஸ் போனதற்கும் காரணம் கிடைத்தது. கூடத்திலிருந்து அடுத்த அறைக்கு வயர் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் இரண்டு கம்பியும் கிட்டத்தட்ட அம்மணமாக, ஈரச் சுவரில் ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், மறுநாள் அவரே எலக்ட்ரீஷியனிடம் எப்போது வேலையைத் தொடங்குகிறாய் என்று கேட்டார்.

மூன்றாவது அறை 18 வந்ததே, அதை மட்டும் விட்டுவிடலாமா?

முறுக்குக்கம்பி

அதே வருஷம், அதே ரப்பர். ஹோல்டர் பக்கம் உதிர்கிறதா என்று கேளுங்கள். உதிர்ந்தால் விடாதீர்கள். எப்படியும் ஆள் ஏணி போட்டுக்கொண்டு அங்கே நிற்கப் போகிறார்.

முன்பக்கத்தில் எர்த் வயரே இருக்காது, இரண்டு கம்பி மட்டும்தான் ஓட்டியிருப்பார்கள். புதிதாகப் போடும்போது எல்லாப் பாயிண்டுக்கும் எர்த் சேர்த்து ஓட்டச் சொல்லுங்கள். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி. வைக்கும் எண்ணம் இருந்தால் 4. ஃபியூஸ் கட்டையைத் தூக்கிவிட்டு எம்.சி.பி.யும், மெயினில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) போடுங்கள். எர்த் இல்லாத சர்க்யூட்டிலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும், ஆனால் அதைச் சாக்காக வைத்து எர்த்தைத் தவிர்க்க விடாதீர்கள்.

பின்பக்கத்தைத் தொட வேண்டாம். முழு வீடும் பிரிக்கச் சொன்னவரிடம் அந்த 150-ஐக் காட்டுங்கள்.

மச்சுவீடு

பழைய வயரைக் கழற்றும்போது மரப்பட்டையோடு சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் "அழகாக இருக்கிறது" என்று பட்டையை விட்டு வைத்தோம். உள்ளே ஒரு துண்டு வயர் இணைப்போடு அப்படியே கிடந்தது, ஆணி அடிக்கும்போதுதான் கண்டுபிடித்தோம்.

பழையவீடு62

நேற்றோடு முன்பக்கம் முடிந்தது. மூன்றாவது அறையும் உதிர்ந்தது, அதையும் மாற்றியாயிற்று. பட்டையோடு எடுத்துவிட்டார்கள்.

ஆனால் புது ஆர்.சி.சி.பி. காலையிலிருந்து மூன்று தடவை விழுந்துவிட்டது. வயரிங்கைத்தான் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்ததில் வாஷிங் மெஷின் போட்டால் மட்டும் விழுகிறது. எர்த் இல்லாமல் இத்தனை நாள் அதைத்தான் ஈரக் கையோடு தொட்டுக்கொண்டிருந்தோமா? அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.