'வெதரிங்' – தமிழில் எப்படிச் சொல்வது? மாடல் கிட் கையேட்டுக்காக அவசரமாக

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பெரிய அளவு மாடல் கிட்களை, அதாவது பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் சிறு உருவங்களைக் கட்டுவது, அவற்றில் நுணுக்கம் சேர்ப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1/32 (நிஜத்தில் 32இல் ஒரு பங்கு), 1/24 அளவு விமானங்கள், 1/35, 1/16 அளவு டாங்கிகள், லாரிகள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். பாதிச் சொற்கள் தாமாகவே வந்து உட்கார்ந்துவிட்டன. பாகங்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வருமே, அந்தச் சட்டத்துக்குக் கொடி, பாகம் அதில் பிடித்திருக்கும் இடத்துக்குக் காம்பு என்று போட்டேன். "காம்பைப் பாகத்தை ஒட்டியே நறுக்காதீர்கள், கொஞ்சம் விட்டு நறுக்கி மீதியை உப்புத்தாளில் தேயுங்கள்" என்று எழுதினால் பள்ளிப் பிள்ளைக்கும் புரிகிறது. அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் எழும் மெல்லிய கோட்டுக்கு அச்சுவரப்பு.

மாட்டிக்கொண்டது 'வெதரிங்'கில்தான். கட்டி முடித்துப் புதுக்கருக்கு மாறாமல் நிற்கும் மாடலை, வெயிலில் நின்று மழையில் நனைந்து வேலை பார்த்த வண்டியைப் போல ஆக்கும் கட்டம் அது. நிறம் மங்கவைப்பது, பெயின்ட் உதிர்ந்ததாகக் காட்டுவது, எண்ணெய்க் கசிவு, புகைக்கறை, புழுதி, சேறு எல்லாம் இதற்குள் அடக்கம். புவியியல் பாடத்தில் வரும் 'வானிலைச் சிதைவு' என்பதையே நீட்டி 'வானிலைச் சிதைவூட்டல்' என்று வைத்தேன், படித்துப் பார்த்தால் பாறை உடைப்பது மாதிரி இருக்கிறது. ஒரு முழு அத்தியாயத்தின் தலைப்பு இது. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, கொடியும் காம்பும் நன்றாக அமைந்திருக்கின்றன. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கொடி என்பது வளைந்து படர்வது, நீங்கள் சொல்வது நேராக, கட்டம் கட்டமாக நிற்பது. தாள், தண்டு, கோல், தூறு, தட்டு, கழி, கழை, அடி என்று பயிர்வகைக்கு ஒன்றாகப் பாவாணர் எடுத்துக்காட்டிய பட்டியல் நம் எல்லாருக்கும் பாடமாக இருக்கிறதே, அதில் 'கழி' விறைப்பாக நிற்பது, பிளாஸ்டிக் சட்டத்துக்கு அதுவே பொருந்தும். யோசியுங்கள்.

இப்போது கேட்ட சொல்லுக்கு வருகிறேன். பழுப்பேற்றல். பழு என்பது முதிர்தல், அதிலிருந்து பழம், பழுப்பு, பழுது, பழமை, பழகு எல்லாம் கிளைத்தவை என்பது என் துணிபு. காய் முதிர்ந்தால் பழம், இலை முதிர்ந்தால் பழுப்பு, பொருள் முதிர்ந்தால் பழையது, முதிர்ந்து கெட்டால் பழுது, ஒன்றோடு நாள்பட இருந்தால் பழக்கம். முதிர்வு, நிறமாற்றம், கேடு, பயன்பாடு என நீங்கள் தேடும் நான்கு பொருளும் ஒரே வேரில் இருக்க வேறெங்கும் போவானேன்? 'ஏற்றல்' என்பது பிறவினை, ஒருவர் வேண்டுமென்றே செய்வது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

மாடல் கட்டும் உறுப்பினர் எழுதியது:

ஐயா, உங்கள் விளக்கத்தை ரசித்துப் படித்தேன், ஆனால் பழுப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. புதிதாகக் கட்டுபவர்கள் செய்யும் முதல் தவறே எல்லாவற்றிலும் பழுப்பு பூசுவதுதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் போர்விமானங்களில் பெரும்பாலானவற்றின் தோல் அலுமினியக் கலவை. அலுமினியம் துருப்பிடிக்காது. பெயின்ட் உதிர்ந்தால் உள்ளே தெரிவது மங்கலான வெள்ளி நிறம், அல்லது பெயின்டுக்கு அடியில் பூசும் அடிப்பூச்சான பிரைமரின் நிறம். ஸ்பிட்ஃபயரில் விமானி இடப்பக்கத்தில் ஏறுவார், அதனால் இடது இறக்கை உடலோடு சேருமிடத்தில் பூட்ஸ் தேய்த்த தடம் அதிகமாக இருக்கும், வலது பக்கத்தில் அதே அளவு தடம் வைத்தால் ஏன் வைத்தீர்கள் என்று கேட்பார்கள். ஹரிக்கேனின் பின்பாதி உடல் துணி போர்த்தியது. மஸ்கிட்டோவோ மர விமானம், உடல் முழுக்கப் பால்சா என்ற இலேசான மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகை. அதன் உடலில் வெள்ளிக் கீறல் போட்டால் அந்த விமானத்தையே தெரியாமல் கட்டியதாக ஆகிவிடும். புகைப்போக்கியின் கறைகூட எப்போதும் கருப்போ பழுப்போ அல்ல, அன்றைய பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்ததால் வெளிர்சாம்பல் படிவு விழும். பச்சை வெயிலில் வெளுக்கும், சிவப்பு ரோஜா நிறமாகும்.

பழுப்பு ஒரு நிறம், நமக்கு வேண்டியது நிறத்தைச் சொல்லாத சொல். 'வானிலை'யும் எனக்கு ஒப்பவில்லை. பூட்ஸ் தேய்ப்பு, பெட்ரோல் சிந்தியது, பீரங்கிப் புகை இதெல்லாம் வானிலையா?

கொடியை மாற்ற வேண்டாம். கழி என்றால் பாகத்தைப் 'பறிக்கிற' எண்ணமே போய்விடுகிறது.

அகராதிப் பணியில் இருக்கும் உறுப்பினர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஐயா சொன்ன வேரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. முதிர்தலைக் குறிக்கும் பழு, பழைமையைக் குறிக்கும் பழ இரண்டையும் தனித்தனி வேராகவே வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பழகு என்பதை எதனோடு சேர்ப்பது என்பது இன்னும் பெரிய வழக்கு. அதை இங்கே தீர்க்க முடியாது, வெள்ளிக்கிழமைக்குள் நிச்சயம் முடியாது.

என் பரிந்துரை மெருகழிப்பு. மெருகூட்டல் எல்லாருக்கும் தெரிந்த சொல், அதற்கு நேர் எதிர். கேட்டவுடன் புரியும், எந்த நிறத்தையும் சொல்லவில்லை, வானிலையும் இல்லை.

மாடல் கட்டும் உறுப்பினர் எழுதியது:

அம்மா, கேட்க அழகான சொல், ஆனால் கைவேலையில் குழப்பம் வரும். எங்கள் வேலை வரிசையைச் சொல்கிறேன். நிறம் பூசி முடித்ததும் ஒரு பளபளப்பு வார்னிஷ் கொடுப்போம். சொரசொரப்பான பரப்பில் டீகால், அதாவது சின்னமும் எண்ணும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம், ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி வெள்ளியாகத் தெரியும், அதற்காக. அந்தப் பளபளப்பின் மேல்தான் நீர்த்த ஆயில் பெயின்டை விடுவோம், தகட்டு இணைப்புக் கோடுகளில் அது தானாக ஓடிப் பரவும். எல்லாம் காய்ந்த பிறகு மங்கல் வார்னிஷ் கொடுத்துப் பளபளப்பை எடுப்போம். மெருகழிப்பு என்று சொன்னால் எவரும் இந்தக் கடைசி மங்கல் பூச்சைத்தான் நினைப்பார். வெதரிங்கில் பாதி வேலை மெருகு இருக்கும்போதே நடக்கிறது. அதோடு சில இடங்களில் மெருகு கூடவும் செய்யும். ஓடிய டாங்கியின் சங்கிலிப்பட்டையில் தரையிலும் சக்கரத்திலும் உரசும் முகங்கள் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும், மற்ற இடமெல்லாம் துருவும் மண்ணும். எண்ணெய் கசிந்த இடம் ஈரமாக மினுங்கும். அழிப்பது மட்டுமே வேலையாக இருந்தால் உங்கள் சொல்லையே எடுத்துக்கொண்டிருப்பேன்.

பொறியாளர் உறுப்பினர் எழுதியது:

இவ்வளவு அலசிய பிறகும் ஒரு கேள்வி பாக்கி. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் தமிழர்கள் எல்லாரும் வெதரிங் என்றுதான் சொல்கிறார்கள். பிரைமர், வார்னிஷ், டீகால் மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு இது ஒன்றுக்கு மட்டும் ஏன் தனித்தமிழ்? இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று தொல்காப்பியமே வெளியிலிருந்து வந்த சொற்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. புரிய வேண்டும் என்பதுதானே கையேட்டின் நோக்கம்?

இடையில் வேறொன்று, 1/35 என்ற அளவு எப்படி வந்தது என்று கையேட்டில் இருக்கிறதா? மற்ற அளவுகளுக்குக் கணக்கு உண்டு. ஒரு அடிக்குக் கால் அங்குலம் என்றால் 1/48, எட்டில் மூன்று அங்குலம் என்றால் 1/32, ஆறு அடிக்கு ஓர் அங்குலம் என்றால் 1/72. 1/35 இந்தக் கணக்கில் வராது. டமியா நிறுவனம் 1961இல் பாந்தர் டாங்கி மாடலை மோட்டாரில் ஓடும்படி செய்தபோது, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி உடலை அமைத்தார்கள், அதில் வந்த அளவு அது. பிறகு அதுவே டாங்கிகளுக்கு வழக்கமாகிவிட்டது. பெயரும் அப்படித்தான் நிலைக்கும், முதலில் புழங்குவது நிற்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

பொறியாளர் எடுத்துக்காட்டிய நூற்பா செய்யுள் ஈட்டச் சொல்லைப் பற்றியது. செய்யுளில் எவ்வகைச் சொற்கள் வரலாம் என்பதே அங்கே பேச்சு. திசைச்சொல் வரலாம் என்பதால், தமிழில் சொல்லே ஆக்க வேண்டாம் என்று ஆகிவிடாது. பிரைமர் ஒரு புட்டியின் பெயர், கடையில் கேட்டு வாங்குவது, அதை விட்டுவிடலாம். வெதரிங் ஒரு செயல், பார்த்துப் பார்த்து மனிதர் கையால் செய்வது. வினைக்குத் தமிழில் சொல் இல்லையென்றால் அதை வைத்து வாக்கியமே எழுத முடியாது. 'வெதரிங் செய்', 'வெதரிங் செய்யாதே', 'வெதரிங் செய்யப்பட்ட' என்று எல்லாவற்றுக்கும் செய்யை ஒட்டவைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

பழுப்பின் நிறச்சிக்கல் எனக்கு விளங்குகிறது. ஆனால் நாட்பட்ட தாள் எந்த நிறமானாலும் பழுப்பேறியது என்கிறோமே, அங்கே நிறம் ஆகுபெயராய் முதிர்வைத்தானே குறிக்கிறது?

அகராதிப் பணியில் இருக்கும் உறுப்பினர் எழுதியது:

தாள் உண்மையாகவே பழுப்பாவதால்தான் ஐயா அப்படிச் சொல்கிறோம். நீலம் வெளுத்ததைப் பழுப்பேறியது என்று யாரும் சொல்வதில்லை.

பொறியாளர் தம்மை அறியாமலே ஒரு சொல் கொடுத்திருக்கிறார், 'புழங்குவது'. புழக்கம் என்றால் கைபட்டு, நடமாடி, வேலையில் இருந்தது. புழங்கிய பாத்திரம், புழங்கிய வீடு என்கிறோம். அதில் தேய்வும் வரும், கறையும் வரும், மினுக்கும் வரும். வினைத்தொகையாகப் புழங்குகோலம் என்று வைத்தால் புழங்கிய, புழங்குகின்ற, புழங்கும் என்று மூன்று காலமும் அடங்கும், கோலம் என்பதில் தோற்றமும் ஒப்பனையும் சேர்ந்தே இருக்கின்றன.

மாடல் கட்டும் உறுப்பினர் எழுதியது:

இது சரி! முதல்முறையாக வேலைக்குப் பொருந்தும் சொல். ஒரு மாடலில் வெதரிங் செய்யும் முன் நாங்கள் கேட்டுக்கொள்வதே 'இந்த வண்டியை யார், எங்கே, எவ்வளவு நாள் புழங்கினார்கள்' என்பதுதான். வடாப்பிரிக்கப் பாலைவனத்தில் நின்ற லாரிக்கும் ரஷ்யச் சேற்றில் ஓடிய லாரிக்கும் ஒரே புழுதியைப் பூச முடியாது.

ஆனால் கோலம் வேண்டாம். தரையில் போடும் கோலம்தான் முதலில் கண்ணில் வரும், பிள்ளைகளுக்கு மாடல்மேல் கோடு வரைவது போலத் தோன்றும். செயலுக்கு வினையாக ஒன்று கொடுங்கள்.

பெரிய அளவில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் கையேட்டில் சொல்லுங்கள். 11.23 மீட்டர் இறக்கை அகலம் கொண்ட ஸ்பிட்ஃபயர் 1/72இல் 16 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும், 1/32இல் 35 சென்டிமீட்டர். அந்தப் பரப்பை ஒரே நிறமாக விட்டால் கண் எங்கும் நிற்பதில்லை, பொம்மை போலாகிவிடும். ஆனால் பெரிது என்பதற்காக அளவை மறக்கவும் கூடாது. 1/32இல் கால் மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கோட்டைக் கீறினால் நிஜ விமானத்தில் அது 8 மில்லிமீட்டர் இடைவெளி. 5 மில்லிமீட்டர் ஆணித்தலை மாடலில் 0.16 மில்லிமீட்டர்தான். உதிர்ந்த பெயின்ட்டைக் காட்டும் புள்ளியும் அப்படியே. தூரிகையால் வைக்கும் மிகச் சின்னப் புள்ளிகூட நிஜத்தில் விரல் அகலத்துக்கு வந்துவிடலாம். அதனால்தான் பலர் ஸ்பாஞ்சுத் துணுக்கால் ஒற்றுகிறார்கள், அல்லது உலோக நிறத்தின் மேல் ஹேர்ஸ்ப்ரே அடித்து, அதற்கு மேல் அக்ரிலிக் பூசி, பிறகு ஈரத்தூரிகையால் தேய்க்கிறார்கள். அடியில் ஹேர்ஸ்ப்ரே கரைந்து மேல்நிறம் ஒழுங்கில்லாமல் பெயரும், கையால் வரைந்தால் அந்த ஒழுங்கின்மை வருவதே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 'புழக்கமேற்றல்' என்று செயலுக்கும், 'புழக்கத் தோற்றம்' என்று விளைவுக்கும் வைக்கிறேன். நிறமேற்றல், உருவேற்றல் என்ற வரிசையில் 'ஏற்றல்' இயல்பாக உட்காருகிறது. பொறியாளர் சொன்னதற்காக அத்தியாயத்தின் முதல் வரியில் மட்டும் "வெதரிங் என்று பலரும் சொல்லும் புழக்கமேற்றல்" என்று ஒரு தடவை வரும். உள்ளே ஒவ்வொன்றையும் எளிய சொல்லால் பிரித்துவிட்டேன்: நிறமங்கல், பெயின்ட் உதிர்வு, தேய்தடம், கசிவுத்தடம், புகைக்கறை, புழுதி. இதில் யாருக்கும் மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் எழுதுங்கள்.

பொறியாளர் உறுப்பினர் எழுதியது:

மறுப்பு இல்லை. வெதரிங் என்பதைப் பொருளகராதியிலும் சேர்த்துவிடுங்கள், தேடுகிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

பெரும்பான்மையின் முடிவு எதுவோ அது இருக்கட்டும், ஆனால் என் உடன்பாடின்மை பதிவாக வேண்டும். புழக்கம் என்பது பயன்பாட்டை மட்டுமே சொல்கிறது. ஒரு விமானம் ஒருநாளும் பறக்காமல் திறந்த வெளியில் நின்றே வெளுக்குமே, அதற்கு எந்தப் புழக்கம்? வெயில், மழை, காலம் மூன்றும் உங்கள் சொல்லுக்கு வெளியே நிற்கின்றன. பழுப்பில் அவை உள்ளே இருந்தன.

மாடல் கட்டும் உறுப்பினர் எழுதியது:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கைவிடப்பட்ட வண்டிகளைக் கட்டுவது தனிப் பிரிவாகவே உண்டு, கண்ணாடி உடைந்து, டயர் வெடித்து, கூரை துருவேறி, உள்ளே செடி முளைத்து நிற்கும் கார்கள். அங்கே புழக்கமேற்றல் பொருந்தாது. அந்தப் பகுதியில் இரும்பு, உண்மையாகவே பழுப்பு. 'பழுப்பேற்றல்' என்பதை அதற்கு மட்டும் துணைத்தலைப்பாக வைக்கலாமா?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

வைக்கலாம், வைத்துவிட்டேன். ஆனால் ஐயா கேட்ட பறக்காமல் வெளுத்த விமானம் இரண்டு தலைப்பிலும் இல்லை, இப்போதைக்கு அது 'நிறமங்கல்' பத்தியில் நிற்கிறது. நீர்த்த ஆயில் பெயின்டைக் கோடுகளில் விடும் 'வாஷ்' என்பதற்கும் இன்னும் சொல் இல்லை, 'கழுவல்' என்று எழுதினால் பிள்ளைகள் மாடலைத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். 'கசிபூச்சு' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், இரவு பத்து மணிக்குள் வேறு யோசனை வந்தால் மாற்றுகிறேன்.