சனியும் ஞாயிறும் துணியிலேயே கரைகின்றன: வேலைக்குப் போகும் தாய்மார்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வாக்வா வாசகி:
அனைவருக்கும் வணக்கம். நான் இங்கே மொரிஷியஸில், எபேனில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் வடக்குக் கடற்கரையிலுள்ள ஓர் ஓட்டலில் முறை வேலை பார்ப்பதால், அவருடைய ஓய்வு நாள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையாகவே அமைகிறது. மூத்தவள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். ஆண்டு இறுதியில் தொடக்கப் பள்ளியின் இறுதித் தேர்வான பி.எஸ்.ஏ.சி. எழுத வேண்டும். இளையவன் மூன்றாம் வகுப்பு.

வார நாட்களில் மாலை ஆறரைக்கு முன் நான் வீடு சேர்வதில்லை என்பதால் எல்லா வேலையும் சனிக்கிழமையை நோக்கித் தள்ளப்படுகிறது. காலையில் காத்ர் போர்ன் ஊரின் காய்கறிப் பஸார், பிறகு பிள்ளைகள் இருவரையும் டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவது, அதற்கிடையே ஒரு வாரத் துணி. மேட்டு நிலத்தில், எங்கள் வாக்வாவில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் தூறலுக்குப் பயந்து கொடியிலிருந்து மூன்று முறை எடுத்தாலும் பள்ளிச் சட்டை மாலையில் ஈரமாகத்தான் இருக்கிறது. ஞாயிறு முழுவதும் இஸ்திரியும் வாரத்துக்கான சமையலும். கீழ் வீட்டிலிருக்கும் மாமியாருக்கு உதவ மனமுண்டு, முழங்கால்தான் இடம் கொடுப்பதில்லை. ஏப்ரல் விடுமுறைக்குப் பிறகு நாங்கள் கடலுக்கே போகவில்லை. தீவில் வாழ்ந்துகொண்டு இதை எழுத வெட்கமாக இருக்கிறது. உங்கள் வீடுகளில் என்ன செய்கிறீர்கள்?

க்யூர்பிப் அக்கா:
முதலில் துணியைச் சனிக்கிழமையிடமிருந்து விடுவியுங்கள், தங்கையே. ஒரு வாரத் துணியை ஒரே நாளில் உலர்த்துவது மேட்டு நிலத்தில் நடக்கிற காரியமல்ல. நான் ஒவ்வோர் இரவும் ஒரு சிறு சுமையை மட்டும் இயந்திரத்தில் போட்டு, வராந்தாவில் கூரைக்கடியில் கட்டிய கொடியில் விரித்துவிடுகிறேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தாலும் அடுத்த சுமைக்கு இடமிருக்கும்படி இரண்டு கொடிகள். போர்வைகளுக்கு மட்டும் வேறு வழி வைத்திருக்கிறேன். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மழையெல்லாம் நம் தலையிலேயே கொட்டிவிடுவதால் மேற்குக் கரை எப்போதும் நம்மைவிட வறண்டிருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு ஈரப் போர்வைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு அந்தக் கரையில், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகிறோம். மொட்டை மாடியில் அவை உலர்வதற்குள் பிள்ளைகள் கடலில் குளித்துவிட்டு வந்துவிடுவார்கள். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
துணியைவிட டியூஷன்தான் என் கண்ணில் பட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு தனிப்பாடம் நடத்துவதை நம் நாட்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது; தெரிந்தும் தெரியாததுபோல் ஊரே அனுப்புகிறது என்பதற்காக நீங்களும் அனுப்ப வேண்டியதில்லை. மகனைச் சனிக்கிழமை காலையில் உங்களோடு பஸாருக்கு அழைத்துச் சென்று, கீரைக் கட்டுக்கும் தக்காளிக்கும் கொடுத்த பணத்துக்கு மீதி எவ்வளவு என்று அவனையே கணக்கிடச் சொல்லுங்கள். முருங்கைக்கீரையை நம் கிரியோல் மொழியில் ‘ப்ரேத் முரும்’ என்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தமிழ்ப் பாடமும் நடந்துவிடும். மூத்தவளின் நிலை வேறு. தேர்வு ஆண்டில் அவளுடைய பாடத்தைக் குறைக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அதே தெருவில் அதே ஆசிரியரிடம் போகும் பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா? பெற்றோர் முறை வைத்துக்கொண்டால் மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் உங்கள் காலை போகும்.

ஓட்டல்காரன்:
நானும் இருபது ஆண்டுகளாக முறை வேலை பார்ப்பவன், ஆகவே உங்கள் கணவர் பக்கமிருந்து சொல்கிறேன். ஏழு நாளில் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு அவருக்குண்டு, ஆனால் அது ஞாயிறாக வரும் என்று காத்திருந்தே நீங்கள் ஏமாந்துபோகிறீர்கள். எங்கள் வீட்டில் செவ்வாய்தான் ஞாயிறு. அன்று இஸ்திரி முழுவதும் என்னுடையது, சமையலும் என்னுடையது; மனைவி அலுவலகத்திலிருந்து வரும்போது அவளுக்கு எந்த வேலையும் மிச்சமிருக்காது, நால்வரும் சேர்ந்து சாப்பிடுவோம். காத்ர் போர்னில் காய்கறிச் சந்தை புதன்கிழமையும் உண்டு. பிற்பகல் முறை வரும் வாரங்களில் காலையிலேயே அவர் போய் வாங்கிவிடலாம்.

பெயர் வேண்டாம்:
ஓட்டல்காரரே, நீங்கள் செய்வதைப் படிக்க மகிழ்ச்சிதான். என் வீட்டிலும் கணவர் பஸாருக்குப் போகிறார். ஆனால் என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது, வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், அங்கிருந்தும் நான்கு முறை தொலைபேசியில் கேட்பார். அப்படியானால் அந்த வேலையில் பாதி இன்னும் என் தலையில்தான் இருக்கிறது. ஒரு வேலையைக் கொடுத்தால் யோசிப்பதையும் சேர்த்தே கொடுங்கள் என்று வாசகிக்குச் சொல்வேன். முதல் மாதம் வெங்காயம் இரட்டிப்பாக வரும், புளி வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாக்வா வாசகி:
எல்லோருக்கும் நன்றி. இளையவனின் டியூஷனை இந்த மாதத்தோடு நிறுத்துவதாகச் சொல்லிவிட்டேன். அந்த ஆசிரியையின் முகம் சுருங்கியது, ஆனால் மறுத்துப் பேசவில்லை. இஸ்திரியைச் செவ்வாய்க்கு மாற்றக் கணவர் சம்மதித்துவிட்டார், பள்ளிச் சட்டைகளின் காலரை மட்டும் நான் சரிபார்க்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. இரவுத் துணி ஏற்பாட்டுக்கு மாமியாரின் ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை. கல்லில் அடித்துத் துவைக்காத துணி துணியே அல்ல என்கிறார். க்யூர்பிப் அக்காவின் போர்வை யோசனைக்குத்தான் ஒரு தடை: ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் எனக்குத் தங்கை இல்லை. மொட்டை மாடியுள்ள வீட்டோடு யாரேனும் தங்கையாக வர விரும்பினால் இங்கேயே எழுதலாம், போர்வைகள் நான்குதான்.