புதுப்பிப்பு: பெனஸ்கிடோஸ் கேன்யனுக்குப் போய் வந்தேன்

மழை பெய்து எத்தனை நாள் கழித்து அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உள்ள லாஸ் பெனஸ்கிடோஸ் கேன்யன் (பள்ளத்தாக்கு) பாதையில் மலை சைக்கிள் ஓட்டலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பாதை மூடியிருந்தால் போகாதே, காயட்டும் என்றீர்கள். காத்திருந்து, திறந்த பிறகு நேற்றுக் காலை போனேன்.

நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. ஓக் மரங்களைத் தாண்டியதும், ஈரத்தில் யாரோ ஓட்டிய டயர் தடம் மூன்று விரல் ஆழத்துக்குச் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. களிமண் அல்லவா! அடுத்த மழைத் தண்ணீர் அந்தத் தடத்திலேயே ஓடிப் பாதையை அரிக்கும். பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

அப்புறம், டயர் காற்றை 30 பிஎஸ்ஐயிலிருந்து (காற்றழுத்த அளவு) 24க்குக் குறைத்தேன். கற்களில் பிடிப்பு நன்றாக இருந்தது. பள்ளத்தாக்கில் இருக்கும் அருவிக்கு மட்டும் சைக்கிளை மேலே நிறுத்திவிட்டு நடந்து இறங்குங்கள். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் இப்போது நன்றாக ஓடுகிறது.