ஜப்பான் பள்ளி நிறைவு விழாப் பாடல்கள்: எந்தப் பாட்டு, எந்த இடத்தில், எங்கே இடறுகிறது?

மார்ச் மாதம் (இழையைத் தொடங்கியவர்)

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் மார்ச் முதல் வாரத்திலும், நடுநிலைப் பள்ளிகள் மாத நடுவிலும், தொடக்கப் பள்ளிகள் 20ஆம் தேதியை ஒட்டியும் நிறைவு விழா நடத்துகின்றன. அந்த மூன்று வாரமும் நாடு முழுக்கக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே பாடல் தொகுப்புதான். அங்கே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருக்கும் பெற்றோர், கூட்டிசைக் குழுவில் பாடுபவர்கள், ஜப்பானிய மொழி படிப்பவர்கள் என்று இங்கே பலர் இருக்கிறீர்கள். எதிர்ப்பட்ட பாட்டின் பெயரோடு நிறுத்திவிடாமல், அது விழாவில் எந்த இடத்தில் வருகிறது, பாடுபவருக்கு எங்கே சிக்கல் என்பதையும் எழுதுங்கள். சொந்தக் கதையைவிட அதுதான் அடுத்தவருக்குப் பயன்படும்.

முதலில் அடிப்படை. விழாவில் இசைக்கு இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு. ஒன்று ஷிகிகா: நாட்டுப்பண், பள்ளிப்பாட்டு தவிர, மாணவர்கள் எழுந்து நின்று வாயால் பாடும் பாட்டு. மற்றொன்று தைஜோ, அதாவது மாணவர்கள் அரங்கைவிட்டு வெளியேறும்போது ஒலிபெருக்கியில் போடும் பாட்டு. பாப் பாடல்களில் பெரும்பாலானவை இரண்டாவது இடத்துக்குத்தான் பொருந்தும். காதுக்கு இனிமையான பாட்டெல்லாம் நூறு பேர் சேர்ந்து பாடத் தோதானது என்று நினைத்துத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதித் தொல்லை தொடங்குகிறது.

ஆல்டோ வரிசை

ஷிகிகா என்றால் இன்று முதலில் வரும் பெயர் ‘தபிதாச்சி நோ ஹி நி’. சைதாமா மாநிலத்தில் மலை சூழ்ந்த சிச்சிபுவில், ககெமோரி நடுநிலைப் பள்ளியில் 1991இல் பிறந்த பாட்டு. வரிகள் தலைமையாசிரியர் கொஜிமா நொபோருவுடையவை, இசை அப்பள்ளி இசை ஆசிரியை தகஹாஷி ஹிரோமியுடையது. வெளியேறும் மாணவர்களுக்குப் பரிசாக ஆசிரியர்களே முதலில் பாடினார்கள். பிறகு இசை ஆசிரியர்கள் கைமாற்றிக் கைமாற்றி நாடு முழுக்கப் போனது. விளம்பரம் போட்டுப் பரப்பிய பாட்டு இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

பாடும்போது எங்கே கெடுகிறது? தொடக்கம் மெல்லியது, நீண்ட மூச்சு கேட்பது. நடுவில் ‘இப்போது பிரிகிறோம்’ என்கிற பகுதி வந்ததும் வேகம் எடுக்கிறது. அந்தத் திருப்பத்தில் பாடகர்கள் பியானோவுக்கு முன்னால் ஓடிவிடுவார்கள். உற்சாகத்தில் மூச்சைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த வரியை முன்கூட்டியே பிடிப்பதுதான் காரணம். திருப்பத்துக்கு முந்தைய கடைசி இரண்டு அளவுகளை (சுரத்தாளில் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தாளச் சுற்று) மட்டும் தனியாகப் பிரித்து, பியானோ இல்லாமல், இசை நடத்துநரின் கையை மட்டும் பார்த்துப் பத்து முறை பாடினால் சரியாகும்.

நடுநிலைப் பள்ளிகளில் வழக்கம் கலப்புக்குரல் மூன்று பகுதி: சோப்ரானோ (மேல் குரல்), ஆல்டோ (அதற்குக் கீழுள்ள குரல்), ஆண்குரல். ஆண்குரலில்தான் கவனம் தேவை. குரல் உடையும் வயதுப் பையனுக்கு வசதியான எல்லை சில மாதங்களுக்கு ஆறேழு சுரங்களாகச் சுருங்கிவிடும். அவனை மேலே இழுத்தால் கத்துவான், கீழே தள்ளினால் முணுமுணுப்பான். இன்னும் குரல் உடையாதவர்களை ஆல்டோவுக்கு மாற்றிவிடுங்கள். உடைந்துகொண்டிருப்பவன் எட்டாத சுரத்தில் வாயை மட்டும் அசைத்து, எட்டும் இடத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

பயிற்சி வரிசை: முதலில் வரிகளைத் தாளத்தில் பேசிப் பார்ப்பது, பிறகு ஒவ்வொரு பகுதியும் கீபோர்டோடு தனியாக, அடுத்து சோப்ரானோவும் ஆண்குரலும் சேர்த்து, கடைசியில் ஆல்டோ. இரண்டு ஓரமும் உறுதியாக நின்றபின் நடுவில் வரும் ஆல்டோ மற்ற பகுதிகளோடு இழுபடாது. நீண்ட வரியில் பக்கத்தில் நிற்பவர் மூச்செடுக்கும்போது நாம் எடுக்காமல், மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஜப்பானியக் குழுக்கள் இதைக் ‘கன்னிங் புரெசு’ என்பார்கள். யார் எந்த அசையில் எடுப்பது என்று பென்சிலால் எழுதி வைக்காவிட்டால் எல்லோரும் ஒரே இடத்தில் எடுப்பார்கள், வரியில் ஓட்டை விழும்.

மோகனம்

பழைய இரண்டையும் விட்டுவிடக் கூடாது. ‘ஹோதரு நோ ஹிகரி’ 1881, ‘அவோகெபா தோதோஷி’ 1884. முதலாவது ஸ்காட்லாந்து மெட்டு. மத்யமமும் நிஷாதமும் இல்லாத ஐந்து சுரம், நம் மோகனத்தின் சுரங்களேதான். அதனால் தமிழ்ப் பிள்ளைகள் இதை ஒரே நாளில் பிடித்துவிடுவார்கள். பார்த்துக்கொள்ள வேண்டியது கமகம். நேராக வைக்க வேண்டிய சுரத்தை அசைத்தால் கூட்டுக்குரலில் பிசிறு தட்டும்.

துணையிசை தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜப்பானியக் கடைகள் மூடும் நேரத்தில் போடுவது இந்தப் பாட்டு இல்லை. அது ‘வகாரே நோ வருட்சு’, அதே மெட்டைக் கொசெகி யூஜி மூன்று தட்டில் அமைத்தது. பள்ளியில் பாடும் ‘ஹோதரு நோ ஹிகரி’ நான்கு தட்டு. இணையத்தில் கிடைத்த முதல் துணையிசையை எடுத்து வந்தால், இரண்டாவது அளவிலேயே வரிகள் தாளத்தில் உட்காராது. ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

‘அவோகெபா தோதோஷி’யின் மூலம் நெடுங்காலம் புதிராக இருந்தது. அமெரிக்காவில் 1871இல் அச்சான ஒரு பள்ளி நிறைவுப் பாட்டுதான் அது என்று 2011இல் ஹிதோட்சுபாஷி பல்கலைக்கழகத்தின் சகுராய் மசாதோ வெளிப்படுத்தினார். ஆறு-எட்டு தாளம். கடைசி வரியில், விடைபெறும் சொல்லுக்கு முன்னால் ஒரு நிறுத்தக் குறி இருக்கிறது. அங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பது நடத்துநர் கையில். தாளத்தை எண்ணிக்கொண்டே பாடுபவர்கள் அந்த இடத்தில் தனியாக முன்னே போய்விடுவார்கள். தலையைத் தூக்கிக் கையைப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை. முன்னேறிப் புகழ் சேர்க்கச் சொல்லும் இரண்டாம் சரணத்தைப் பல பள்ளிகள் விட்டுவிடுகின்றன. எத்தனை சரணம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பியானோ இருக்கை

பாப் பாடல் எப்படி ஷிகிகா ஆகிறது என்பதற்கு ஒரு பாதை உண்டு. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே நடத்தும் தேசியப் பள்ளி இசைப்போட்டி, சுருக்கமாக என்-கொன். அதன் நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்குப் பாப் கலைஞர்கள் கட்டாயப் பாடல் எழுதித் தருகிறார்கள். 2008இல் ஆஞ்செலா அகியின் ‘தெகாமி’, 2009இல் இகிமோனோகாகரியின் ‘யெல்’, 2013இல் யுசுவின் ‘தோமோ’. போட்டிக்காக நல்ல கூட்டிசை அமைப்பு ஏற்கெனவே தயாராகிவிடுவதால் மார்ச்சில் பள்ளிகள் அதையே எடுத்துக்கொள்கின்றன. ‘தெகாமி’யில் பதினைந்து வயதுக்காரர் எதிர்காலத் தனக்குக் கடிதம் எழுதுகிறார், வளர்ந்தவர் பதில் எழுதுகிறார். சொற்கள் நெருக்கமாக வருகின்றன. மெய்யெழுத்துகளைக் கொஞ்சம் முன்னதாகவே உச்சரிக்காவிட்டால் உடற்பயிற்சிக் கூடத்தின் எதிரொலியில் எல்லாம் கஞ்சியாகிவிடும்.

‘சகுரா நோ அமே’ வேறு வழியில் வந்தது: 2008இல் நிக்கோநிக்கோ காணொளித் தளத்தில், ஹாட்சுனே மிகு என்ற பாடும் மென்பொருளின் கணினிக் குரலில். கணினிக்கு மூச்சு வேண்டாம். காதால் கேட்டு எழுதிய சுரத்தாளை வைத்துப் பாடினால் மூச்செடுக்க இடமே கிடைக்காது. கூட்டிசைக்கென்று வெளியான பதிப்பை வாங்குங்கள்.

பியானோ வாசிக்கும் மாணவரைப் பல பள்ளிகளில் குளிர்கால விடுமுறையை ஒட்டித் தேர்வு வைத்து எடுப்பார்கள். விழா நாளில் கூடம் சில்லென்று இருக்கும். கூடத்தைச் சூடேற்றும் பெரிய எண்ணெய் அடுப்புகளின் இரைச்சலுக்காகப் பாட்டு நேரத்தில் அவற்றை அணைத்துவிடுவார்கள். விரல் விறைத்துப்போகும். ஒருமுறை பயன்படுத்தும் சூட்டுப்பையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னிசையை வழக்கத்தைவிட ஒரு பிடி மெதுவாகத் தொடங்குங்கள். பதற்றத்தில் அது தானாகவே சரியான வேகத்துக்கு வந்துவிடும்.

ஆல்டோ வரிசை

அழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடும் பாதிப்பேர் அழுவார்கள். தொண்டை இறுகினால் முதலில் போவது மேல்சுரம், அதாவது சோப்ரானோ. மெட்டு அவர்களிடம் இருப்பதால் பாட்டே மறைந்துவிடும். ஒவ்வொரு வரிசையின் இரு ஓரத்திலும் உறுதியான குரல்களை நிறுத்துவது, சோப்ரானோ விழுந்தால் ஆல்டோவில் நாலைந்து பேர் மெட்டுக்கு மாறுவது என்று முன்பே பேசி வையுங்கள். எதிரே பெற்றோர் முகத்தைப் பார்க்காமல் பின்சுவரின் மேல் விளிம்பைப் பார்க்கச் சொல்வதும் உண்மையிலேயே கைகொடுக்கிறது.

மேடை ஒலி

தைஜோ பாடல்களுக்கு வருகிறேன். ரெமியோரோமென் குழுவின் ‘சங்கட்சு கொகொனோகா’ 2004 மார்ச் 9 அன்று வெளியானது. பெயரே ‘மார்ச் 9’. நண்பர் ஒருவரின் திருமணத்துக்காக எழுதிய பாட்டு. 2005இல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் வகுப்பு மாணவர்கள் பாடுவதாக வந்தபிறகே நிறைவு விழாவோடு ஒட்டிக்கொண்டது. கையேந்தாய் குழுவின் ‘ஒகுரு கொதோபா’வும் (1979) அப்படித்தான், காதல் முறிவுப் பாட்டு. பள்ளித் தொடர் ஒன்றின் முகப்புப் பாடலாக இருந்ததால் ஆசிரியர்–மாணவர் பாட்டாகிவிட்டது. ஆக, பாட்டின் வரிகளில் ‘நிறைவு விழா’ என்ற சொல்லைத் தேடாதீர்கள். ராட்விம்ப்ஸின் ‘செய்காய்’ மட்டும் 2018இல் பதினெட்டு வயதினர் ஆயிரம் பேரோடு சேர்ந்து பாடவென்றே எழுதப்பட்டது. அதனால் மேடையில் பாடவும் தாங்கும்.

நேரக் கணக்கு: நான்கு வகுப்பு, வகுப்புக்கு 35 பேர், மொத்தம் 140. இருவர் இருவராக 70 ஜோடி. ஜோடிக்கு 4 விநாடி என்றால் 280 விநாடி, 4 நிமிடம் 40 விநாடி. ஒரு பாட்டு போதாமல் போகலாம். இரண்டாவது பாட்டைத் தயாராக வைத்து, முதல் பாட்டு முடியும் முன்பே குரலில்லாத இடத்தில் மெல்லக் கலந்துவிடுங்கள். நடுவில் மௌனம் விழுந்தால் கடைசி வகுப்பு செருப்புச் சத்தத்தோடு மட்டும் வெளியேற வேண்டியிருக்கும், பாவம்.

சகுரா (செர்ரிப் பூ) பாடல்களைப் போடும்போது ஊரையும் பாருங்கள். டோக்கியோவில் சகுரா பூக்கத் தொடங்கும் சராசரி நாள் மார்ச் 24, சப்போரோவில் மே 1. மொரியாமா நவோதாரோவின் ‘சகுரா’ (2003) அருமையான பாட்டு, பியானோவும் ஒரே குரலும்தான். ஆனால் ஹொக்கைடோவில் அது ஒலிக்கும்போது வெளியே பனி குவிந்திருக்கும்.

மார்ச் மாதம்

‘குன்ஜோ’வை யாரும் சொல்லவில்லையே. புகுஷிமாவின் மினமிசோமா நகரில் ஒதகா நடுநிலைப் பள்ளி. 2011 நிலநடுக்க, ஆழிப்பேரலைப் பேரிடரில் விபத்துக்குள்ளான அணுமின் நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருந்ததால் ஊரே காலியானது, வகுப்புத் தோழர்கள் நாடெங்கும் சிதறினார்கள். எஞ்சிய மாணவர்கள் ஒரு பெரிய வரைபடத்தில் தோழர்களின் படங்களை ஒட்டிப் பேசிக்கொண்டதை இசை ஆசிரியை ஒதா மிகி குறித்துவைத்து, அந்தச் சொற்களைப் பாட்டாக்கினார். 2013 மார்ச்சில் அந்த மாணவர்களே தங்கள் விழாவில் பாடினார்கள். கூட்டிசையாக அமைத்தவர் நொபுனாகா தகாதோமி. வேறு பள்ளியில் இதை எடுத்தால் முதல் பயிற்சி வகுப்பில் இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டே சுரத்தாளைக் கொடுங்கள். தெரியாமல் பாடினால் உச்சப்பகுதியை வெறும் சத்தமாக்கிவிடுகிறார்கள்.

மேடை ஒலி

விழாவில் பாடுவதைப் பதிவுசெய்து பகிரலாமா என்பது பற்றி: கட்டணம் வாங்காமல், பாடுபவருக்குப் பணம் தராமல் பள்ளியில் பாட ஜப்பானியச் சட்டப்படி அனுமதி வேண்டாம். அதைக் குறுந்தகட்டில் நகலெடுத்துப் பெற்றோருக்குக் கொடுப்பது வேறு, அதற்கு அனுமதி வாங்க வேண்டும். மாணவர்களே பாடி வாசித்த காணொளியை யூடியூபில் ஏற்றலாம், பாடல் உரிமைக்கு அந்தத் தளம் பாடல் உரிமைகளை நிர்வகிக்கும் ஜஸ்ராக் அமைப்போடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. பின்னணியில் கலைஞரின் அசல் ஒலிப்பதிவு ஓடினால் அந்த ஒப்பந்தம் உதவாது, இசைத்தட்டு நிறுவனத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். மாணவர் முகம் தெரிந்தால் பள்ளியின் ஒப்புதலும் வேண்டும். தைஜோ பகுதியை வெட்டிவிட்டு ஷிகிகாவை மட்டும் ஏற்றுவது எளிய வழி.